ஆபரேஷனுக்குப் பிறகு போனில் டாக்டர்

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் புண், மருந்து, நடமாட்டம் ஆகியவற்றை மருத்துவர் தொலைபேசி அல்லது வீடியோ வழியாகக் கவனித்து வருவது தொலைமருத்துவத்தின் ஒரு பகுதி. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடியப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களுக்கு இதன் பயன் அதிகம். பெரிய ஆபரேஷன் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நாகர்கோவிலுக்கோதான் போக வேண்டும். பிறகு ஒவ்வொரு தடவை காட்டிவிட்டு வருவதற்கும் பஸ், ஆட்டோ, துணைக்கு ஓர் ஆள். அந்த ஆளின் அன்றைய கடல் தொழிலும் போய்விடும்.

2020 மார்ச் 25-இல் வெளியான மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதல் இதற்கு இடம் தருகிறது. நேரில் பார்த்த மருத்துவரே, அதே நோய்க்கு, ஆறு மாதத்துக்குள் தொலைவழியில் பார்த்தால் அது தொடர் ஆலோசனை. இ-சஞ்சீவனி என்ற அரசின் இலவசத் தொலைமருத்துவச் சேவையும் உண்டு. ஆனால் அதில் பேசுபவர் ஆபரேஷன் செய்த டாக்டராக இருப்பது அரிது; அதனால் டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

புண்ணைப் பகல் வெளிச்சத்தில், தையல் முழுவதும் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். முந்தைய நாள் படத்தையும் சேர்த்து அனுப்பினால் சிவப்பு பரவுகிறதா என்பது தெரிந்துவிடும். குடலிறக்க ஆபரேஷன் செய்த மீனவருக்கு இருக்கும் பெரிய கேள்வியோ வேறு: வள்ளம் தள்ளலாமா, வலை இழுக்கலாமா? திறந்த அறுவை என்றால் நாலு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பதே வழக்கமான அறிவுரை. அதைச் சொல்ல ஒரு போன் போதும்.

படத்தில் சூடு தெரியாது, நாற்றம் தெரியாது, வயிறு கல்லாக இருப்பதும் தெரியாது. தொட்டுப் பார்க்க ஊரில் பழகிய கை ஒன்று வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் நடத்திவரும் கிராமப் பார்வை மையங்களின் பலமே அதுதான். அங்கே பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கருவியில் கண்ணைச் சோதித்துப் படம் அனுப்ப, மருத்துவர் தொலைவிலிருந்து நோயாளியிடம் பேசுகிறார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிந்தைய சோதனையும் இப்படி நடக்கிறது. 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தொட்டுப் பார்க்கும் வேலையை அவர்களோடு இணைப்பதே சுலபமான வழி.

காய்ச்சலோ சீழோ வந்தால் அன்றைக்கே நேரில் காட்ட வேண்டும். மூச்சுத்திணறல், நிற்காத ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது என்றால் வீடியோவுக்குக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.