மட்டையோடு கடல் கடந்தவர்கள்

2025 ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் சாத்தம் செல்லும் படகுக்காகக் காத்திருந்தேன். எங்கள் தெருப் பள்ளி மாணவன் ஒருவன் கைபேசியை என் முன் நீட்டி, "மாமா, இவர் ரஷ்யாக்காரர்தானே? அப்புறம் எதுக்கு அமெரிக்காவுக்கு ஆடுறார்?" என்று கேட்டான். அலெக்சாண்டர் ஒவெச்கின் என்ற பனித்தரை ஹாக்கி வீரர் அந்த ஏப்ரல் 6ஆம் தேதி தம்முடைய 895ஆவது கோலை அடித்து, கனடாவின் வெய்ன் கிரெட்ஸ்கி வைத்திருந்த 894 கோல் சாதனையை முறியடித்த செய்தி அது.

"அமெரிக்காவுக்கு ஆடவில்லை தம்பி, அமெரிக்காவில் ஆடுகிறார்" என்றேன். அவனுக்கு அது விளங்கவில்லை. அடுத்த கேள்வி வந்தது: "நம்ம ஆளுங்க யாரும் இப்படி வெளிநாட்டுக்குப் போய் ஆடினதில்லையா?" அதற்குள் படகு வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் சொல்ல முடியாமற்போன பதிலை நம் இதழில் எழுதினால் மற்ற பிள்ளைகளும் படிப்பார்களே என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். நமக்கு ஹாக்கி என்றால் புல்தரையில் பந்தைத் தட்டி ஆடும் வளைகோல் பந்தாட்டம். ரஷ்யாவிலும் கனடாவிலும் ஹாக்கி என்றாலே உறைந்த பனித்தரைதான். காலில் சறுக்குக் காலணி, பந்துக்குப் பதில் தட்டையான ரப்பர் வட்டு. அங்கே தேசிய ஹாக்கி லீக் என்ற தொழில்முறைப் போட்டியில் அமெரிக்க, கனடிய நகரங்களின் அணிகள் மோதுகின்றன. அணியை நடத்துவது தனியார் முதலாளி. எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்கு ஆடலாம். உலகக் கோப்பை, ஒலிம்பிக் என்று வரும்போது அவரவர் நாட்டுச் சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒவெச்கின் 2005 முதல் வாஷிங்டன் நகர அணிக்கு ஆடி வந்தவர்.

இன்று எளிதாகத் தெரியும் இந்தப் பயணம் ஒரு காலத்தில் சிறை மதிலைத் தாண்டுவது போல இருந்தது. சோவியத் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களில் பலர் மாஸ்கோ ராணுவ அணியில் இருந்தார்கள். பெயருக்கு ராணுவ அதிகாரிகள். ஆண்டின் பெரும்பகுதி பயிற்சி முகாமிலேயே அடைந்து கிடக்க வேண்டும். 1972இல் கனடாவின் தொழில்முறை வீரர்களோடு எட்டு ஆட்டங்கள் ஆடி, கடைசி ஆட்டத்தில் 34 வினாடிகள் மீதமிருந்தபோது விழுந்த கோலால்தான் தொடரை இழந்தார்கள். அத்தகையவர்கள் தங்கள் திறமையின் சந்தை விலையைக் கேட்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செர்கெய் ப்ரியாகின் அரசின் அனுமதியோடு முதல் ஆளாகப் போனார். இளைஞரான மொகில்னி உலகப் போட்டிக்காக ஸ்டாக்ஹோம் போன இடத்திலிருந்தே தப்பி ஓடினார். மூத்த வீரர் ஃபெடிசோவோ நாட்டுக்குள் இருந்தபடியே அதிகாரிகளோடு வெளிப்படையாகச் சண்டை போட்டு அனுமதி வாங்கினார். சம்பளத்தில் பெரும்பங்கை அரசு நிறுவனத்திடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் முதலில் வைத்த நிபந்தனை. அதற்கு அவர் இணங்கவில்லை.

போன இடத்திலும் பூமாலை காத்திருக்கவில்லை. நம் ஊர்ப் பையனின் வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்ற முணுமுணுப்பு, ஐரோப்பியர்கள் அடிக்குப் பயந்தவர்கள் என்ற ஏளனம், மொழி தெரியாத தனிமை எல்லாம் இருந்தன. சோவியத் அணியின் தூணாக இருந்த க்ருதோவ் வான்கூவரில் ஒரே ஒரு பருவம்தான் தாக்குப்பிடித்தார். ஆனால் 1995இல் டெட்ராய்ட் அணி ஐந்து ரஷ்யர்களை ஒன்றாகக் களமிறக்கியது. வட்டை முன்னே அடித்துவிட்டுத் துரத்தும் கனடிய முறையை அவர்கள் கையாளவில்லை. வழி அடைபட்டால் பின்னுக்குத் திரும்பி, தங்களுக்குள் தட்டிக்கொண்டே வட்டை இழக்காமல் ஆடினார்கள். 1997இல் அந்த அணி 42 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஆறே நாளில் நடந்த கார் விபத்தில் அந்த ஐவரில் ஒருவரான கான்ஸ்டன்டினோவின் ஆட்ட வாழ்வு முடிந்துபோனது. அடுத்த ஆண்டும் கோப்பை கிடைத்தபோது, அவரைச் சக்கர நாற்காலியில் பனித்தரைக்குக் கொண்டுவந்து கோப்பையை மடியில் வைத்தார்கள். "வந்தேறி" என்ற பேச்சு டெட்ராய்டில் அதற்குப் பின் எடுபடவில்லை.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்து, ஹாக்கி மட்டையோடு பல நாடுகளில் பிழைத்த ஒருவர் நமக்கும் உண்டு. அவர் தன்ராஜ் பிள்ளை. 1968 ஜூலை 16ஆம் தேதி புனே நகரையொட்டிய கட்கியில் பிறந்தார். தந்தை நாகலிங்கம், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் விளையாட்டுத் திடலைப் பராமரிப்பவர். உடைந்த மட்டைகளை ஒட்டுப்போட்டுத் தொழிற்சாலைக் குடியிருப்பின் மண் தரையில் ஆடப் பழகியவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள். அண்ணன் ரமேஷும் நல்ல ஆட்டக்காரர். அவரைப் பின்பற்றியே தன்ராஜ் மும்பை போய், மஹிந்திரா நிறுவன அணியில் இடம் பிடித்தார். 1989 முதல் 2004 வரை நாட்டுக்காக 339 ஆட்டங்கள். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. எல்லாமே நான்கு நான்காக வருவதைக் கவனியுங்கள்!

இவ்வளவுக்கும் நடுவே லண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்சில் லியோன், ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் கிக்கர்ஸ், டாக்காவில் அபஹானி, மலேசியாவில் வங்கி அணியும் தொலைபேசி நிறுவன அணியும் என்று ஊர் ஊராகப் போய் ஆடியிருக்கிறார். இப்படிப் போனவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். பிற்காலத்தில் இந்திய அணித் தலைவராக இருந்த சர்தார் சிங், பெல்ஜியத்தில் லூவன் அணிக்கும் நெதர்லாந்தில் ப்ளூமெண்டால் அணிக்கும் ஆடியவர்.

ஏன் போனார்கள்? பணம் ஒரு காரணம், மறுக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் ஹாக்கி ஆடினால் கிடைப்பது வேலை. ரயில்வே, காவல்துறை, விமான நிறுவனம், வங்கி ஆகியவை ஆட்டக்காரரை ஊழியராக எடுத்துக்கொள்ளும். அவர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அலுவலக அணிக்கு ஆடுவார். ஓய்வுக்காலம் வரை சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உலகத்தரமான ஆட்டத்துக்கு உரிய விலை அதில் வராது. ஐரோப்பிய கிளப்புகளும் கோடிகளை அள்ளிக் கொடுப்பவை அல்ல. அங்கே கிளப் என்பது ஊர்ச்சங்கம் மாதிரி: வாரக் கடைசியில் ஆட்டம், மற்ற நாட்களில் பயிற்சி. உள்ளூர் வீரர்களில் பலர் படிப்பவர்கள், வேலை பார்ப்பவர்கள். வெளிநாட்டு வீரருக்குத் தங்க வீடு, செலவுக்குப் பணம்; மாலையில் கிளப்பின் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் பெரும்பாலும் அவருக்கு உண்டு.

இரண்டாவது காரணம் தரை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி நடந்தது. எட்டில் ஏழு முறை தங்கம் வாங்கி வந்த இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்கு இறங்கியது என்று சொல்வார்கள். இந்தக் கணக்கைச் சற்றே திருத்த வேண்டும். 1928 முதல் 1972 வரை நடந்த பத்து ஒலிம்பிக்கில் ஏழு தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம் என்பதே சரி. மண்ணிலும் புல்லிலும் பந்து துள்ளும், தடுமாறும். அதை மட்டையோடு ஒட்டவைத்து ஓடும் வித்தைக்கு அங்கே மதிப்பு அதிகம். செயற்கைத் தரையில் பந்து நேர்க்கோட்டில் பறக்கிறது. நீண்ட அடியும் நெடுநேரம் தளராத ஓட்டமும் வேண்டும். அத்தகைய தரைகள் நம் நாட்டில் விரல் விட்டு எண்ணும்படி இருந்த நாட்களில், ஐரோப்பாவில் சிறிய கிளப்புக்கும் அது சொந்தமாக இருந்தது. அங்கே ஒரு பருவம் ஆடி வருவது நம் வீரருக்குப் பள்ளிக்கூடம் போய் வந்தது போல.

இப்படிக் கற்று வந்ததை நாட்டுக்குத்தான் கொடுத்தார்கள். 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் தலைமையில் இந்தியா தென் கொரியாவைப் பெனால்டி முறையில் வென்று, 32 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் பெற்றது. இதற்குப் பரிசாக என்ன நடந்தது தெரியுமா? அடுத்து வந்த பாகிஸ்தான் தொடருக்கு தன்ராஜ் உட்பட மூத்த வீரர்கள் பலர் அணியில் இல்லை. ஓய்வு கொடுக்கிறோம் என்று காரணம் சொல்லப்பட்டது. ஊதியமும் வசதியும் போதவில்லை என்று அவர் வாய்விட்டுச் சொன்னதற்கான தண்டனை இது என்றுதான் பலரும் பேசிக்கொண்டார்கள். என் கருத்தும் அதுவே. ஃபெடிசோவை அவமதித்த அதே ரஷ்யா 2002இல் அவரையே நாட்டின் விளையாட்டுத் துறைக்குத் தலைவராக்கியது. நம்மவர் திரும்ப அணிக்கு வந்து, 2003இல் ஆசியக் கோப்பையையும் தலைவராக வென்று தந்தார். மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கோடு அவர் பயணம் முடிந்தது. அவருடைய வாழ்க்கை வரலாறு 2007இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அந்த ஆங்கிலத் தலைப்பில் "அம்மா" என்ற சொல் மட்டும் தமிழாகவே நிற்கிறது.

நம் ஊரிலேயே சம்பளம் கொடுக்கும் லீக் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் 2005இல்தான் உருப்பெற்றது. பிரிமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் என்ற பெயரில் நமக்கும் ஓர் அணி இருந்தது. 2008க்குப் பின் அந்த லீக் நின்றது. 2012இல் உலகத் தொடர் ஹாக்கி வந்தது. அதற்கு அகில உலக ஹாக்கிச் சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லாததால் வீரர்கள் இரு தரப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்கள். தன்ராஜ் அதில் 43 வயதில் கர்நாடக அணிக்காக ஓடினார். 2013இல் ஹாக்கி இந்தியா லீக் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. முன்பு நாம் ஜெர்மனிக்குப் போனோம், இப்போது ஜெர்மானியர் இங்கே வந்தார்கள். மோரிட்ஸ் ஃபூர்ஸ்டே என்ற ஜெர்மன் வீரரை 2015 ஏலத்தில் கலிங்கா அணி 1,05,000 டாலருக்கு எடுத்தது.

பெருமையோடு ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த முதல் பருவத்தில் ஒன்பது பாகிஸ்தான் வீரர்கள் ஒப்பந்தமாகி வந்திருந்தார்கள். அப்போது எல்லைக்கோட்டில் நடந்த மோதலால் எதிர்ப்புக் கிளம்ப, ஒன்பது பேரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மட்டையோடு வந்தவர்கள் அவர்கள். எல்லையில் நடந்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? ரஷ்யர்களுக்கும் இந்தச் சோதனை வந்தது. 2022இல் உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய நாட்டு அணியைச் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். ஆனால் அமெரிக்க அணிகளில் ஒப்பந்தத்தில் இருந்த ரஷ்யர்களை யாரும் மூட்டை கட்டச் சொல்லவில்லை. ஒவெச்கின் தம் நாட்டு அதிபருக்கு நெருக்கமானவர் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவருடைய 895ஆவது கோலுக்கு ஆட்டத்தையே நிறுத்தி வைத்துக் கைதட்டினார்கள் என்பதும் உண்மை.

சில ஆண்டுகள் நின்றிருந்த ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியபோது தமிழ்நாடு டிராகன்ஸ் என்ற அணியும் சேர்ந்தது. கோவில்பட்டியை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் அடுத்தபடி அந்த ஊர் பேசுவது ஹாக்கியைத்தான். கோவில்பட்டி மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். அதில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோல் கார்த்தியுடையது.

நம் தீவிலிருந்து ஹாக்கிக்காக ஒருவர் போனதாகச் சொல்ல முடியாவிட்டாலும் மிதிவண்டிப் பந்தயத்துக்குப் போனவர்கள் உண்டு. சுனாமியில் உயிர் தப்பிய டெபோரா ஹெரால்டும், 2018இல் சுவிட்சர்லாந்தில் இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி வென்ற ஈசோ ஆல்பனும் நிக்கோபார்ப் பிள்ளைகள்தான். இருவரும் டெல்லிக்குப் போய்ப் பயிற்சி பெற்றவர்கள். நம் குடும்பங்களும் மரம் அறுக்கவும் கட்டட வேலைக்கும் கடை வைக்கவும் கப்பலேறி வந்தவை. மூன்று நாள் கப்பலில் ஊருக்குத் திரும்பிப் போனால், "அந்தமான்காரர் வந்திருக்கார்" என்கிறார்கள். இங்கேயோ நாம் "மெட்ராஸ்காரர்". கட்கியில் பிறந்த பிள்ளைக்கும் இது புதிதாக இருந்திருக்காது.

அந்த மாணவனை மறுவாரம் அதே படகில் பார்த்தேன். இவ்வளவையும் சாத்தம் வந்து சேர்வதற்குள் சொல்லி முடித்தேன். பையன் யோசித்துவிட்டு, "தன்ராஜ் ஆட்டம் வீடியோவில் கிடைக்குமா மாமா?" என்றான். கிடைக்கும் என்றேன். இறங்குவதற்குள் தேடி எடுத்துவிட்டான்.