ஆபரேஷன் முடிந்த பிறகும் சீழ் வைப்பது ஏன்?



முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும். இதுதான் டிபியா. முன்னால் சதை இல்லாததால், அடிபட்டு உடைந்தால் எளிதில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இதற்குத் திறந்த எலும்பு முறிவு என்று பெயர்.

எங்கள் பெரியப்பா எரு ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்தபோது இப்படித்தான் ஆனது. பக்கத்தில் இருந்தவர்கள் காப்பித்தூளை அப்பி, பழைய துண்டால் கட்டினார்கள். முதலில் கட்டு போடும் வைத்தியரிடம் போய்விட்டு, மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மாதக்கணக்கில் சீழ் வடிந்தது. மறுபடி இரண்டு ஆபரேஷன். "நல்லாத்தானே பண்ணாங்க, அப்புறம் ஏன் பெரியப்பா?" என்று கேட்டேன். "அன்னிக்கே போயிருக்கோணும் கண்ணு" என்றார்.

காரணம் இதுதான். காயத்தில் மண்ணோடு கிருமியும் போகிறது. நசுங்கிச் செத்த சதைக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. கிருமி அங்கே பெருகி, எலும்புக்கு வைத்த கம்பியிலும் ஒட்டிக்கொள்ளும்.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர், இந்தக் காயத்துக்கு மார்க் போடும் முறையை 2006இல் வெளியிட்டார்கள். நம் பரீட்சைக்கு நேர் எதிர், மார்க் கூடினால் ஆபத்து! தோல், எலும்பு, தசை நரம்பு ஆகிய மூன்றுக்கும் தலா 1 முதல் 5 வரை. பிறகு கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் 2 மார்க் கூடும்.

1. காயத்தை ஆபரேஷனில் சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் ஆவது
2. சாக்கடை, சாணம், எரு படுவது
3. வயது 65க்கு மேல்
4. மாத்திரை சாப்பிடும் சர்க்கரை நோய், இதய, நுரையீரல் நோய்
5. நெஞ்சு, வயிறு போன்ற இடங்களிலும் பலத்த அடி
6. ரத்த அழுத்தம் 90க்குக் கீழே இறங்குவது
7. அதே காலில் இன்னொரு பெரிய காயம்

மொத்தம் 14 வரை என்றால் பெரும்பாலும் காலைக் காப்பாற்றலாம். 17, அதற்கு மேல் என்றால் காலை எடுக்க வேண்டி வரலாம். இடையில் உள்ளதை டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

பெரியப்பாவுக்குச் சர்க்கரை 2, எரு 2, தாமதம் 2. இதில் கடைசி 2 மார்க் நாங்களே போட்டது! பீடியும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்று டாக்டர் சொன்னதால், பெரியப்பா அதை விட்டுவிட்டார்.

நாம் செய்ய வேண்டியவை:

* காப்பித்தூள், மஞ்சள், சாம்பல் எதுவும் வைக்காதீர்கள்.
* எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, ரத்தம் வந்தால் அழுத்திப் பிடியுங்கள்.
* காலை அசையாமல் வைத்து, உடனே 108க்குப் போன் செய்யுங்கள். கிருமியைக் கொல்லும் ஊசி எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது.
* அடிபட்ட நேரத்தையும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரியப்பா இப்போது நடக்கிறார், கொஞ்சம் தாங்கித் தாங்கி. இதைப் படித்த நீங்கள் இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். வருமுன் காப்போம்!


9ஆம் வகுப்பு மாணவி