தீவாந்தரம் செல்வோர் கவனத்திற்கு

விடுமுறைக் காலம் நெருங்கினால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகளிடையே அடிபடும் பெயர்களுள் அந்தமானும் ஒன்றாகிவிட்டது. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் வாலிபர்கள் கூட்டாகப் பணம் சேர்த்துப் புறப்படுகிறார்கள். புதுமணத் தம்பதிகள் புறப்படுகிறார்கள். கட்டட வேலை, மின்சார வேலை என்று பிழைப்பைத் தேடியும் சிலர் புறப்படுகிறார்கள். நம் பாட்டனார் காலத்தில் ஒருவனுக்குத் தீவாந்தர சிட்சை என்று செய்தி வந்தால் வீட்டில் ஒப்பாரி வைப்பார்கள். இன்று அந்தமான் போகிறோம் என்றால் அண்டை வீட்டார் பொறாமைப்படுகிறார்கள். காலம் இப்படி மாறியது நன்றே. ஆனால் போகிறவர்களில் பலர், தாம் போகும் இடம் எத்தகையது என்பதைச் சிறிதும் விசாரியாமல் போகிறார்கள் என்பதே நம் குறை.

வழியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் மின்சார ரயிலில் சென்று கடற்கரை நிலையத்தில் இறங்கினால் துறைமுகம் அருகிலேயே இருக்கிறது. கப்பல் மாதத்தில் சில தடவைகளே புறப்படும். ஏறத்தாழ மூன்று நாள் பிரயாணம். பூந்தமல்லியார் போரூர், கத்திப்பாரா வழியாக மீனம்பாக்கம் சேர்ந்தால் விமானத்தில் இரண்டு மணிக்குச் சற்று மேலாகும். பெயர்கள் மாறியிருப்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும். போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் 2024-இல் அறிவிக்கப்பட்டது. ஹாவ்லாக் தீவு 2018 முதல் சுவராஜ் தீவு. நீல் தீவு, ஷஹீத் தீவு. இவ்விரு பெயர்களும் 1943-ஆம் வருஷக் கடைசியில் நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றிய காலத்தை நினைவூட்டுபவை. அவர் அந்தமானுக்கு ஷஹீத் என்றும், நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டினார்.

தீவு என்று ஒருமையில் சொல்கிறோமேயன்றி, இங்கே தீவுகளும் திட்டுகளும் ஐந்நூறுக்கு மேல் உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்பவை நாற்பதுக்கும் குறைவு. வடக்கே அந்தமான், தெற்கே நிக்கோபார். இரண்டுக்கும் இடையே பத்து டிகிரிக் கால்வாய். மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி அடர்ந்த காடு. கடிகாரம் நம்முடையதே, சூரியன் நம்முடையதன்று. நம்மைவிடப் பன்னிரண்டரை டிகிரி கிழக்கே இருப்பதால் அங்கே சுமார் 50 நிமிஷம் முன்னதாகவே உதயமும் அஸ்தமனமும் நிகழ்கின்றன. மார்கழியில் மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். விடிந்து வெகுநேரம் தூங்கிவிட்டுப் பிற்பகலில் தீவைப் பார்க்கப் புறப்படுகிறவர் இருட்டைத்தான் பார்ப்பார்.

நிற்க. நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது தண்ணீரைப் பற்றி. சென்னையில் வருஷத்திற்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அந்தமானிலோ சுமார் 3,000. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக் காற்றுகளும் அங்கே மழை பொழிகின்றன. அப்படியிருந்தும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் தலைநகரவாசிகள் குடிநீருக்குத் தவிப்பது வழக்கம். காரணம் எளிது. தீவு குறுகலானது, சரிவுகள் செங்குத்தானவை. பெய்த மழை நின்று நிலத்தில் ஊறுவதற்குள் கடலில் போய் விழுகிறது. பேராறுகள் இல்லை. தலைநகரம் பெரும்பாலும் தனிக்கரி அணையை நம்பியிருக்கிறது. மழை நின்று வெயில் ஏறும் அந்த மாதங்களிலேதான் உல்லாசப் பிரயாணிகளும் வந்து குவிகிறார்கள். உள்ளூர்க் குடும்பம் குடத்தை வைத்துக் காத்திருக்கையில், விடுதியில் தங்கியவர் நாளைக்கு மும்முறை குளித்துக் குழாயைத் திறந்தபடி விடுவது எவ்வளவு பெரிய அநியாயம்! 2019-இல் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு கிடந்தபோது தண்ணீர் லாரிக்காக இரவெல்லாம் விழித்திருந்த நம் பகுதியாருக்கு இதை விவரித்துச் சொல்லவும் வேண்டுமோ?

பாஷையைப் பற்றிக் கவலை வேண்டாம். 2011 ஜனக் கணக்கின்படி அங்குள்ள 3,80,581 பேரில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளியும் ஹிந்தியுமே அதற்கு மேல். இது நேற்றைய உறவன்று. முதலாம் ராஜேந்திர சோழன் கடற்படை கொண்ட இடங்களுள் ஒன்றாக 'மாநக்கவாரம்' தஞ்சைக் கல்வெட்டில் குறிக்கப்படுகிறது, அதுவே நிக்கோபார். 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின்பேரில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்த் தோட்டத் தொழிலாளரில் சிலர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டனர். கடைக்கோடியான பெரிய நிக்கோபாரில் 1969 முதல் ஓய்வுபெற்ற படைவீரர் குடும்பங்களுக்கு நிலம் தரப்பட்டது. அவர்களுள்ளும் தமிழர் உண்டு. ஆவடி போன்ற படைவீரர் ஊரில் வசிப்போர்க்கு இது சுவையான செய்தி. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப் பேரலை இவ்விரு தீவுகளையும் கொடுமையாகத் தாக்கியது. தென்முனையான இந்திரா முனையில் நிலமே சுமார் 4 மீட்டர் அமிழ்ந்துபோயிற்று.

சிறைக்கூடத்தைப் பார்க்காமல் திரும்புகிறவர் எவரும் இரார்; ஆனால் பலரும் அதைப் படம் பிடிப்பதற்கான பின்னணியாகவே கருதிவிடுகிறார்கள். 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த கட்டடம் அது. நடுவே ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல் ஏழு சிறகுகள். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும். எனவே கைதி ஒருவன் இன்னொருவன் முகத்தைக் காண இயலாது. ஓர் அறை 13½ அடி நீளம், ஏறத்தாழ 7 அடி அகலம். இன்று மிஞ்சியவை மூன்று சிறகுகளே. 1933 உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மைத்ரா ஆகிய மூவர் அங்கே உயிர் துறந்தனர். 1937-இல் மீண்டும் நடந்த உண்ணாவிரதத்திற்குப் பிறகே ராஜீயக் கைதிகள் தாய்நாட்டுச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். நம் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கும் 1908-இல் திருநெல்வேலி நீதிபதி விதித்தது தீவாந்தர சிட்சையே. மேல் கோர்ட்டில் தண்டனை குறைந்தபடியால் அவர் இழுத்த செக்கு கோயம்புத்தூரில் அமைந்தது. இல்லையேல் அது அந்தமானில் அமைந்திருக்கும். அங்கே காட்சிக்கு வைத்துள்ள செக்கின் எதிரில் நிற்கும்போது இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

கடற்கரையில் இறங்குவோர் உவர்நீர் முதலையைப் பற்றிய எச்சரிக்கைப் பலகைகளை அலட்சியம் செய்யலாகாது. 2010-இல் ஓர் அமெரிக்கப் பெண் முதலைக்குப் பலியானாள். பவளத்தைப் பெயர்த்துவருவது சட்டப்படி குற்றம்.

கடைசியாக, அத்தீவுகளின் ஆதி மக்கள். ஆங்கிலேயர் 1858-இல் தண்டனைக் குடியேற்றம் அமைத்தபோது பெரிய அந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். வந்தவர்கள் கொண்டுவந்த நோய்களும் துப்பாக்கியும் அவர்களைக் கரைத்துவிட்டன. 2011 கணக்கில் அவர்கள் 44 பேர், ஓங்கேயர் 101, ஜாரவர் 380. அவர்களுடைய மொழிகளுள் ஒன்றான 'போ'வைப் பேசிய கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். அத்துடன் அம்மொழியும் இறந்தது. நம்முடைய சாதாரண அம்மை, இருமல் ஆகியவையே அவர்களுக்கு யமனாகக்கூடும். ஆகையால்தான் 1956-இல் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டது; அவர்களுடைய பிரதேசத்தில் நுழைவதும் அவர்களைப் படம் எடுப்பதும் குற்றமாகும். ஆனாலும் தலைநகரிலிருந்து வடக்கே செல்லும் பெருஞ்சாலை ஜாரவர் காட்டின் ஊடே போகிறது. அக்காட்டினூடே சாலையை மூடும்படி சுப்ரீம் கோர்ட் 2002-இல் கட்டளையிட்டும் அது மூடப்படவில்லை. ஜாரவப் பெண்களைப் பிரயாணிகள் முன் ஆடச்செய்த படம் 2012-இல் வெளியாகி தேசத்தைத் தலைகுனிய வைத்தது. பின்பும் திருந்தாதார் உளர். அண்மையில் நம் பகுதி நண்பர் ஒருவர், காரின் ஜன்னல் வழியாகத் திருட்டுத்தனமாக எடுத்த படத்தை நமக்குப் பெருமையோடு காட்டினார். சிறைக்கூடத்தில் கண்ணீர் விட்டதாகவும் அவரே சொன்னார்.

சேற்று எரிமலையும் சுண்ணாம்புக் குகையும் காண பாரதாங் செல்வோர், ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசைகட்டி அச்சாலை வழியாகவே போகிறார்கள். கடல் வழியும் ஒன்று உண்டு. படகுக்குக் காத்திருக்க நேரும். கடல் கொந்தளித்தால் பிரயாணம் தவறவும் கூடும். இருந்தாலும் புறப்படுமுன் அவ்வழியை விசாரித்து, படகு கிடைக்கும் நாளுக்கேற்பப் பிரயாணத்தை அமைத்துக்கொள்ளும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.