உங்களுக்குத் தெரியுமா? பனியன் ஊரின் முதலாளிகள்

திருப்பூரில் ‘எங்கே வேலை?’ என்று கேட்டால் ‘பனியன் கம்பெனி’ என்றுதான் பதில் வரும். தைப்பது டி-ஷர்ட்டோ குழந்தை உடுப்போ, ஊருக்கு எல்லாம் பனியன்தான்.

இங்கே முதலாளிகளில் பலர் தொழிலாளியாக வந்தவர்கள். சுற்றுக் கிராமங்களில் காடு தோட்டம் பார்த்த கவுண்டர் குடும்பத்துப் பிள்ளைகள் கட்டிங் மேசையிலும் நிட்டிங் மெஷினிலும் வேலை பழகி, பிறகு சொந்தக் கம்பெனி போட்டார்கள். இந்தக் கதையை ஆராய்ந்து, ஆய்வாளர் ஷரத் சாரி 2004-இல் ஒரு நூலே எழுதினார். எல்லாருக்குமா அந்த ஏணி கிடைத்தது? நிலமும் சொந்தபந்தமும் உள்ளவருக்குத்தான் கைக்கு எட்டியது. தொழிலாளர்கள் 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்ததும் இதே ஊரில்தான்.

ஒரு சட்டை முடிய டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எத்தனையோ கைகள். டெய்லர் பக்கத்திலேயே நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை அடுக்கி வைப்பவருக்குப் பெயர் ‘கைமடி’. இந்த வேலைகளில் மதுரை, தேனிப் பக்கத்தவரோடு இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்காரர்களும் சேர்ந்திருக்கிறார்கள். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடிந்தால் அது ‘ஒன்றரை ஷிப்ட்’. சம்பளம், சனிக்கிழமை.