60 டொலர் கோபம்

2010 ஒக்ரோபர் 25. ரொப் ஃபோர்ட் ரொறொன்ரோ மேயராக வென்ற இரவு, டவுன்ரவுணில் இருக்கும் நண்பர் போன் எடுத்தார். "உங்கட ஸ்காபறோ ஆக்களுக்கு என்ன விசரே?" என்று கேட்டார். நான் மழுப்பினேன். அதற்கான பதில் 60 டொலர் என்பது பிறகுதான் விளங்கியது.

அந்த 60 டொலரின் கதை 1995இல் தொடங்குகிறது. மைக் ஹரிஸ் ஒன்ராறியோவில் ஆட்சிக்கு வந்து நாலு மாதத்துக்குள் வெல்ஃபெயரில் 21.6 சதவீதத்தை வெட்டினார். போருக்குத் தப்பி வந்து இறங்கிய எங்கள் ஆட்கள் பலருக்கு முதல் வருடங்களில் அதுதான் சோறு. வருமான வரியும் குறைக்கப்பட்டது. மாகாணம் வரியைக் குறைத்தால், அந்தச் செலவை வேறு யாராவது தூக்க வேண்டும். 1998 ஜனவரி 1 அன்று ரொறொன்ரோ, ஸ்காபறோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க் ஆறும் ஒரே மாநகரமாயின. முந்திய மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் நாலில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றே சொல்லியிருந்தார்கள். குயின்ஸ் பார்க்கில் இருந்த மாகாண அரசு அதைக் காதில் வாங்கவில்லை. சமூக வீடமைப்பின் செலவு நகரத்தின் தலையில் வந்து விழுந்தது. பஸ், சப்வே ஓட்ட மாகாணம் கொடுத்துவந்த மானியமும் நின்றது. புதிய சமூக வீடுகளுக்குப் பணம் இல்லை என்று ஒட்டாவாவில் இருந்த மத்திய அரசு 1993இலேயே கையை விரித்திருந்தது.

இனி நகரம் என்ன செய்யும்? அதன் கையில் இருந்த பெரிய வருமானம் சொத்து வரிதான். 2006இல் புதிய வரி போடும் உரிமை கிடைத்ததும், மேயர் டேவிட் மில்லரின் நகரசபை இரண்டு வரிகளைக் கொண்டுவந்தது. ஒன்று வீடு வாங்கும்போது கட்டுவது. மற்றது ஒவ்வொரு காருக்கும் ஆண்டுக்கு 60 டொலர்.

சப்வேக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இந்தக் கார் வரி பெரிய விஷயமல்ல. ஸ்காபறோவின் மோர்னிங்சைட்டில் இருந்துகொண்டு விடியற்காலை நாலு மணிக்கு ஏஜென்சி வேலைக்கு ஓடுகிறவருக்கு அப்படியில்லை. அவருக்குக் கார் இல்லையென்றால் வேலையும் இல்லை. ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹல்சான்ஸ்கி கணக்கெடுத்துக் காட்டினார்: 1970இல் நகரத்தின் அயல்களில் 66 சதவீதம் நடுத்தர வருமானம் கொண்டவை, 2005இல் அது 29 சதவீதம். வறுமை நகர நடுவிலிருந்து ஸ்காபறோவுக்கும் எற்றோபிக்கோவின் வடக்குக்கும் இடம்பெயர்ந்திருந்தது. ரயில் பாதை மட்டும் அதோடு கூட வரவில்லை.

இந்தச் சனத்திடம்தான் ஃபோர்ட் வந்து, நகரசபையின் வீண்செலவை, அவர் சொல்லில் "கிரேவி ட்ரெய்னை", நிறுத்துவேன் என்றார். 47 சதவீத வாக்கு விழுந்தது. முடிவு வரைபடத்தைப் பார்த்தால் 1998க்கு முந்திய பழைய எல்லைகள் பெரும்பாலும் அப்படியே தெரியும்: நடு நகரம் எதிர்த்துப் போட்டியிட்ட ஸ்மிதர்மனுக்கு, சுற்றியுள்ள புறநகர் ஃபோர்டுக்கு. பதவியேற்ற கையோடு அந்த 60 டொலரை எடுத்துவிட்டார். சொன்னதைச் செய்தாரே என்று சனம் மகிழ்ந்தது. அதில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மாகாணத்தின் செலவை நகரத்தின் தலையில் இறக்கியது ஹரிஸின் ஆட்சி. அதே வழியில் இன்னும் வெட்டுவேன் என்று வந்தவருக்கே அந்தக் கோபம் வாக்காகப் போனது. வரியைக் குறைத்து அரசின் செலவை வெட்டும் நவதாராளவாதத்தின் கெட்டித்தனம் இதுதான். தான் உண்டாக்கிய காயத்துக்குத் தானே வைத்தியராக வந்து நிற்கும்.

2018இல் ரொப்பின் அண்ணன் டக் ஃபோர்ட் மாகாண முதல்வரானார். ஸ்காபறோ–ரூஜ் பார்க்கில் விஜய் தணிகாசலமும் மார்க்கம்–தோர்ன்ஹில்லில் லோகன் கணபதியும் அவருடைய கட்சியில் வென்றார்கள். ஆகவே இதை யாரோ வெள்ளைக்காரரின் கோபம் என்று நாங்கள் தள்ளிவிட முடியாது. அதே ஆண்டு ரொறொன்ரோ நகரசபைத் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, 47 ஆக இருக்கவேண்டிய ஆசனங்களை டக் ஃபோர்ட் 25 ஆக்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021இல் ஐந்துக்கு நாலு என்று அவர் பக்கம் முடிந்தது. 2022 நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கப் போனவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு.

ரயிலின் கதைக்கு வருவோம். ஸ்காபறோவின் பழைய ஆர்.ரி. ரயிலுக்குப் பதிலாக மில்லர் காலத்தில் 7 நிலையங்களோடு இலகு ரயில் திட்டமிடப்பட்டது. பிறகு அதைத் தள்ளிவிட்டு சப்வே என்றார்கள்: முதலில் 3 நிலையம், பிறகு 1, பிறகு மறுபடியும் 3. 2023 ஜூலை 24 அன்று பழைய ரயில் தடம் புரண்டது. அதற்குப் பிறகு அது ஓடவேயில்லை. சனம் பஸ்ஸில் போகிறது.

டக் ஃபோர்டின் ஆட்சி செய்தது இன்னொன்றும் இருக்கிறது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடிவந்த வீடுகளுக்கு ஒன்ராறியோவில் வாடகைக் கட்டுப்பாடு கிடையாது. உங்கள் பேஸ்மென்டில் முதன்முதலாக எந்த ஆண்டு ஆள் குடிவந்தது என்று விசாரித்து வையுங்கள். அடுத்த கிழமை அங்கேயிருந்து தொடங்குவோம்.