ஆய்வுக்கூடத்தின் கூரை

அமெரிக்காவின் கொலராடோ மலைநாட்டில், வெள்ளிச் சுரங்கத் தொழில் நலிந்து மக்கள் கைவிட்ட காதிக் என்னும் சிற்றூரில், 1928-ஆம் ஆண்டு ராக்கி மலை உயிரியல் ஆய்வுக்கூடம் தோன்றியது. சுரங்கக் காலத்து மரக்கட்டிடங்களைச் செப்பனிட்டே ஆய்வாளர் குடியேறினர்.

ஏறத்தாழ 9,500 அடி உயரமுள்ள அவ்விடத்தில் பனிக்காலம் நீண்டது. குவியும் பனியின் பாரம் கூரையை நலிவிக்கும். உருகும் நீர் அடித்தளத்தை ஊறச் செய்யும். ஆகவே ஓயாத பராமரிப்பு இன்றியமையாததாகும்.

அணிலினத்தைச் சேர்ந்த மர்மாட்டுகளின் வாழ்வை 1962 முதலும், மலர்கள் பூக்கும் நாட்களை 1970-களிலிருந்தும் அங்கே ஆண்டுதோறும் குறித்து வருகின்றனர். தங்குமிடம் பழுதுற்று ஒரு பருவம் ஆய்வு நின்றுவிடின், அவ்வாண்டின் கணக்கை எப்பொருள் கொடுத்தும் மீட்க இயலாது.

அங்கத்தினர்களே! நமது தறிக்கொட்டகைக்கும் விதைக்கிடங்கிற்கும் இஃது பொருந்தும். புதுக் கட்டிடம் எழுப்புமுன் பழைய கூரையைக் காப்போமாக.