"பரவாயில்லை" என்று சொல்லிப் பழகிவிட்டோமா?



சென் ஜேம்ஸ் ரவுணில் வளர்ந்த எங்களுக்கு லிஃப்ற் வேலை செய்யாத நாட்கள் புதிதல்ல. அப்படி ஒரு நாள் அம்மா அரிசிப் பையோடு படியேறிக்கொண்டிருந்தார். கீழ்மாடித் தம்பி ஒருவர், "தாங்கோ அன்ரி, நான் கொண்டுவாறன்" என்றார். "பரவாயில்லை தம்பி, நான் சமாளிப்பன்" என்று சொல்லிவிட்டு, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி, பதினான்காம் மாடிவரை அம்மா தானே சுமந்தார்.

அந்தப் "பரவாயில்லை" எனக்கும் ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகத்தின் முதல் வருடத்தில் கணிதத்தில் நான் தேறமாட்டேன் என்பது நடுப் பரீட்சையிலேயே தெரிந்துவிட்டது. வீட்டில், "எல்லாம் நல்லாப் போகுது" என்றேன். வாலிபர் கூட்டத்தில் ஜெபக்குறிப்புக் கேட்டால், "பரீட்சைக்காக ஜெபியுங்கோ" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். தனிஜெபத்திலும், "ஆண்டவரே, உம்முடைய சித்தம்போல நடத்தும்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவேன். கேட்பவர்களுக்கு அது விசுவாசம்போல இருந்திருக்கும். உண்மையில், தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று கர்த்தரிடம் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது.

எல்லாவற்றையும் நாமே சமாளிக்கலாம் என்ற எண்ணம் ஒரே நாளில் உடைந்துபோவதை எங்கள் இடம் கண்டிருக்கிறது. 2018 ஓகஸ்ட் 21 அன்று 650 பார்லிமென்ற் வீதிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. ஏறத்தாழ 1,500 பேர் வெளியேறினார்கள். 2020 வரை அவர்களால் தங்கள் வீடுகளுக்குத் திரும்ப முடியவில்லை. யாரிடமும் எதுவும் கேட்டறியாதவர்களுக்கும் அன்றிரவு படுக்க ஓர் இடம் கேட்கவேண்டி வந்தது.

எல்லாம் கையைவிட்டுப் போனபின்தான் உதவி கேட்கவேண்டுமா? டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பாருங்கள். 1895இல் இந்தியாவுக்கு வந்த அவர், திருநெல்வேலிச் சீமையில், கோயில்களுக்கு ஒப்படைக்கப்படும் ஆபத்திலிருந்த பெண்பிள்ளைகளை 1901 முதல் சேர்த்து வளர்த்தார். பணத்துக்காக மனிதரிடம் வேண்டுகோள் விடாமல், தேவைகளைக் கர்த்தரிடம் சொல்வதே அவருடைய வழக்கம். இன்றைக்கு என்ன குறைவு என்று சரியாகத் தெரிந்தவரால்தான் அப்படி ஜெபிக்கமுடியும்.

1931 ஒக்ரோபர் 24 அன்று அவர் ஒரு குழிக்குள் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். சுகத்துக்காக ஜெபித்தார்கள். ஆனால் பழைய பலம் திரும்பவில்லை. 1951 ஜனவரி 18இல் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை, ஏறத்தாழ 20 வருடங்கள், பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். அத்தனை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவரை இப்போது மற்றவர்கள் தாங்கவேண்டியிருந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார். அந்த அறையிலிருந்தே பல புத்தகங்களையும் எழுதினார். அவர் கேட்டது கர்த்தரிடம். கர்த்தர் கொடுத்ததோ, அநேகமாக மனிதருடைய கைகளால்.

யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்திலும் இதைத்தான் காண்கிறோம். மோசேயின் கைகள் சோர்ந்துபோயின. ஆரோனும் ஊரும் இருபுறமும் நின்று தாங்கினார்கள். ஜெயம் கர்த்தருடையது. ஆனாலும் தாங்க வந்தவர்களிடம் மோசே "பரவாயில்லை" என்று சொல்லவில்லை.

ஓர் இரவு படிக்கட்டில் உட்கார்ந்து முதன்முறையாக உள்ளதை உள்ளபடியே ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்குக் கணிதம் விளங்கவில்லை. பொய் சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது. அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் தாரும்." மறுநாள், இரவு வேலை முடிந்து வந்த அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இவ்வளவு நாளும் இதைத் தனியவோ சுமந்தனீ?" என்று மட்டும் கேட்டார்.

அற்புதமாக எதுவும் நடந்துவிடவில்லை. அந்தப் பாடத்தில் தோற்றேன். சபையிலுள்ள ஓர் அண்ணா வாரத்தில் இரண்டு நாள் சொல்லித்தர, அடுத்த கோடையில் திரும்ப எழுதித் தேறினேன். அந்த அண்ணா முன்பும் ஞாயிறுதோறும் எனக்கு இரண்டு வரிசை முன்னால்தான் இருந்தார். நான்தான் கேட்கவில்லை.

கண்தெரியாத பர்திமேயுவிடமே இயேசு, தாம் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10). அவர் அறியாததினால் அல்ல; அவன் தன் வாயால் சொல்லவேண்டும் என்றுதான். இந்த வாரம் உங்கள் பாரத்துக்கு ஒரு பெயர் வைத்து ஜெபியுங்கள். பரீட்சையா, கடனா, பாவப் பழக்கமா, தனிமையா? சொல்லிவிட்டு, கர்த்தர் யாரை அனுப்புகிறார் என்று பாருங்கள். "தாங்கோ, நான் கொண்டுவாறன்" என்று ஒருவர் கைநீட்டினால், பையைக் கொடுத்துவிடுங்கள்.